வால் அறுந்த இணைப்பு

1

எனக்கு வந்த ஒரு கடிதத்திலிருந்து பிறந்த கதை இது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தபால்காரர் கொண்டுவந்த கடிதம் அல்ல, மின்னஞ்சல். ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, அரியலூரில் என் வீட்டு மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது வந்தது.

"அன்புடையீர், கடந்த ஐந்து மாதங்களில் உங்கள் பரிந்துரையால் விற்பனை எதுவும் நடைபெறவில்லை. எனவே உங்கள் இணைப்பு இன்றுமுதல் நிறுத்தப்படுகிறது. இப்படிக்கு, நந்தினி."

விளக்கவேண்டும். நான் கதை எழுதுகிறவன். எழுதுவதை ஒரு வலைப்பூவில் போடுகிறவன். பெரம்பலூரில் 'தூறல்' என்ற பெயரில், பயிருக்கு மருந்தடிக்கிற பேட்டரி ஸ்பிரேயர் விற்கும் நிறுவனம் ஒன்று உண்டு. (பெயரை மாற்றியிருக்கிறேன். தேடவேண்டாம்.) தங்கள் மெஷினைப் பரிந்துரைக்க யார் முன்வந்தாலும் அவருக்கென்று தனியாக ஓர் இணைப்பு கொடுப்பார்கள். அதை அழுத்தி ஒருவர் வாங்கினால் 'இன்னார் சொல்லி வாங்கினார்' என்று அங்கே பதிவாகும். சொன்னவருக்குச் சிறு கமிஷன் கிடைக்கும். என் வாசகர்களில் நிலம் வைத்திருப்பவர்கள் இருப்பார்கள் என்று நம்பி ஒவ்வொரு கதையின் அடியிலும் அந்த இணைப்பை ஒட்டிவைத்தேன். ஐந்து மாதத்தில் ஆறு முறை அழுத்தப்பட்டது. அதில் நான்கு முறை அழுத்தியது நான்.

ஆகவே எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் ஆறு நாள் கழித்து அதே நந்தினியிடமிருந்து இன்னொரு கடிதம் வந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் பெரம்பலூருக்குப் பஸ் ஏறினேன். அதில் என்ன இருந்தது என்பதை ஐந்தாம் பகுதியில் சொல்கிறேன்.

2

தொடக்கங்கள்.

"பாலக்கரை ரவுண்டானாவைச் சுற்றிவந்த பஸ்ஸின் ஜன்னலோரத்தில், கண்ணீரை அடக்கிக்கொண்டு நந்தினி—"

(நந்தினி அழுகிற ஆள் இல்லை. சந்தித்த பத்தாவது நிமிடத்தில் தெரிந்துவிட்டது. அடித்தேன்.)

"எண்களை மட்டுமே நம்பிய ஒரு பெண்ணின் கதை இது. ஒருநாள் அந்த எண்களே அவளை—"

(இப்படித் தொடங்கினால் மிச்சத்தை நீங்களே எழுதிவிடுவீர்கள். நான் எதற்கு?)

மூன்றாவது தொடக்கம் நின்றது. அது இதுதான்:

நந்தினிக்கு முப்பத்தொரு வயது. தூறலில் சேர்ந்து நான்கு வருடம். விளம்பரத்துக்குச் செலவழிக்கிற ஒவ்வொரு ரூபாயும் எந்த மெஷினை விற்றது என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. அவளுக்கு அந்த வேலை பிடிக்கும். நன்றாகவும் செய்வாள், அது அவளுக்கும் தெரியும். விதைக்கடை ஒன்றின் மாடியில் இருக்கிற அந்த ஆபீஸில், முதலாளி குருமூர்த்தி எதைக் கேட்டாலும் "இருங்க சார்" என்பாள். அரை நிமிடத்தில் பதில் சொல்வாள். பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டிய விளம்பரத்தால் இரண்டு மெஷின் விற்றது, கல்லங்குறிச்சித் தேருக்கு விளம்பரம் அச்சிட்டுக் கொடுத்த விசிறிகளால் பதினாறு விற்றது என்று அவள் சொன்ன பிறகு, குருமூர்த்தி சுவர்களைக் கைவிட்டு வருடாவருடம் விசிறி அடிக்கத் தொடங்கினார்.

3

இனி கொஞ்சம் கட்டுரை. பொறுத்துக்கொள்ளுங்கள், ஒரு பக்கம்தான்.

பரிந்துரைப்பவருக்குக் கொடுக்கிற இணைப்பு எல்லோருக்கும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கடைசியில் மட்டும் ஆளுக்கு ஒரு குறி ஒட்டியிருக்கும். ஆபீஸில் அதை 'வால்' என்பார்கள். வாங்குகிறவர் இணைப்பை அழுத்திக் கடைக்குள் நுழையும்போது வாலோடு நுழைவார். பணம் கட்டும்போது யாருடைய வால் என்று இயந்திரம் பார்த்துக் குறித்துக்கொள்ளும். வால் இல்லாமல் வந்தவர்களை 'நேரடி' என்று ஒரு வரியில் சேர்த்துவிடும். அதாவது, யார் சொல்லியும் அல்ல, தானாகவே தேடி வந்தவர்.

போன ஆகஸ்டில், மக்காச்சோள விதைப்புக்கு முன்னால், நந்தினி ஒரு காரியம் செய்தாள். வலைத்தளம் முழுக்க இங்கிலீஷில் இருந்தது. கிராமத்து ஆட்கள் தடுமாறுகிறார்கள் என்று, உள்ளே நுழைந்ததும் 'தமிழா, இங்கிலீஷா' என்று கேட்கிற ஒரு பக்கத்தை வைத்தாள். அவளே யோசித்து அவளே செய்தது. நல்ல காரியம் என்றுதான் நானும் நினைக்கிறேன்.

அந்தப் பருவத்தில் விற்பனை ஏறியது. அதைவிட, 'நேரடி' வரி ஏறிய வேகம் எல்லோரையும் அசத்தியது. நாலைந்து மடங்கு! யாரும் சொல்லாமலே ஜனங்கள் தூறலைத் தேடி வருகிறார்கள். நந்தினி அறிக்கை எழுதினாள்: நம் பெயர் ஊன்றிவிட்டது, விற்காத பரிந்துரையாளர்களைக் கழித்துவிடலாம். குருமூர்த்தி அந்த அறிக்கையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தார் என்று ஆபீஸில் சொன்னார்கள். திருச்சியில் புதிதாகத் திறக்கப்போகும் கிளைக்கு நந்தினிதான் பொறுப்பு என்று முடிவாயிற்று. திங்கட்கிழமை கூட்டத்தில் அறிவிப்பதாக இருந்தது.

கழிக்கவேண்டியவர்கள் பத்தொன்பது பேர். பட்டியலின் பதினேழாவது பெயர் என்னுடையது. முதல் பெயர், செட்டிகுளம் காத்தாயி. அவர் இணைப்பை அழுத்தியவர்கள் முந்நூற்று நாற்பது பேர். வாங்கியவர் ஒருவர்கூட இல்லை.

"வேடிக்கை பாக்குற கூட்டம்னு நெனச்சேன்," என்றாள் நந்தினி என்னிடம். "அவ்வளவு தெளிவா நெனச்சேங்க."

4

காத்தாயி வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஆபீஸ் படியேறி வந்தார்.

நாற்பத்தைந்து வயது. இரண்டு ஏக்கர் சின்ன வெங்காயம், ஒன்றரை ஏக்கர் மக்காச்சோளம். போன வருடம் ஒரு தூறல் மெஷின் வாங்கினார். முதுகில் மாட்டிக்கொண்டு ஒரு நாளில் முடிகிற வேலைக்கு முன்பு மூன்று நாள் ஆனதை எண்ணிப்பார்த்து, மெஷினைப் போனில் படம் பிடித்து நான்கு பேருக்கு அனுப்பினார். அந்த நான்கு பேர் நாற்பது பேருக்கு அனுப்பினார்கள். பிறகு இணைப்பு வாங்கிக்கொண்டு, கூப்பிட்ட ஊருக்கெல்லாம் போய் மெஷினை இயக்கிக் காட்டினார்.

(அவரை ஏழை என்றோ பாவம் என்றோ எழுதினால் என்னை விடமாட்டார். அவர் கொண்டுவந்த கைப்பையும் செருப்பும் என்னுடையதைவிட நல்லவை.)

இணைப்பை நிறுத்துகிற கடிதம் அவருக்குத் தமிழில் குறுஞ்செய்தியாகப் போயிருந்தது. அது வந்தபோது போன் அவருடைய கொழுந்தன் வெள்ளைச்சாமி கையில் இருந்திருக்கிறது. அவர் அதை, வெங்காயம் அறுக்க வந்த பன்னிரண்டு பெண்கள் நடுவில் நின்று, உரக்க வாசித்தார்.

"'ஊரு ஊரா மெஷினத் தூக்கிக்கிட்டு அலஞ்சியே அண்ணி, ஒன்னுகூட விக்கலயாமே'ன்னு சிரிக்கிறான்ம்மா," என்றார் காத்தாயி, நாற்காலியில் உட்காராமல். "நீங்க குடுக்குறதக் குடுங்க, குடுக்காட்டிப் போங்க. ஒன்னுகூட விக்கலன்னு எப்புடி எழுதுனீங்க?"

"அக்கா, ஒக்காருங்க. கம்ப்யூட்டர்ல வரலீங்க. உங்க லிங்க் வழியா யாரும் வாங்கல."

"யாரும் வாங்கலியா?" காத்தாயி போனைத் திறந்தார். யார் வாங்கினாலும் முதல் நாள் மருந்தடிக்கும்போது அவர் போய்ப் படம் எடுத்துவிடுவது வழக்கம். முதுகில் மெஷினோடு ஓர் ஆள், பக்கத்தில் காத்தாயி. மெஷினின் பக்கவாட்டில் நம்பர் தெரிகிறது. "இவுரு பேரு அருள்முருகன். நம்பர் படிக்கிறேன், அடிச்சுப் பாருங்க."

நந்தினி அடித்தாள். நேரடி.

"இது பெரியம்மாள். அடிங்க."

நேரடி.

இருபத்து மூன்று படங்கள். இருபத்து மூன்றும் நேரடி.

நந்தினி இன்னும் தடுமாறவில்லை. அவளுக்கு ஒரு பதில் இருந்தது. "அக்கா, நீங்க சொல்லி வாங்கியிருக்கலாம். ஆனா லிங்க்க அழுத்தாம, தனியா தேடிப்போயி வாங்கியிருப்பாங்க."

"நான் பக்கத்துல நின்னேன்ம்மா. பாதிப் பேருக்கு நாந்தான் அழுத்தியே குடுத்தேன். இந்தா, இப்ப அழுத்துறேன், பாத்துக்க."

காத்தாயி போனை மேசைமேல் வைத்து இணைப்பை அழுத்தினார். பக்கம் திறந்தது. மேலே முகவரியின் கடைசியில் வால் ஒட்டியிருந்தது. 'தமிழா, இங்கிலீஷா' என்று கேட்டது. காத்தாயி 'தமிழ்' என்பதை அழுத்தினார்.

பக்கம் ஒருமுறை மினுங்கித் தமிழில் வந்தது. மேலே முகவரி இருந்தது, வால் இல்லை.

நந்தினி தன் போனில் அழுத்திப் பார்த்தாள். இங்கிலீஷ்: வால் இருக்கிறது. தமிழ்: இல்லை.

ஆகஸ்டில் அந்தப் பக்கத்தை வைத்தபோது இருபது தடவையாவது சோதித்திருக்கிறாள். இருபது தடவையும் அவள் விரல் போனது இங்கிலீஷுக்குத்தான்.

5

இந்த இடத்தில் நான் முதலில் எழுதியது:

"நந்தினி எழுந்து காத்தாயியின் கைகளைப் பற்றிக்கொண்டாள். 'தப்பு என்னோடதுங்க அக்கா,' என்றாள்."

எழுதியதை நந்தினிக்கு அனுப்பினேன். உடனே போன் செய்தாள்.

"சார், நான் அப்புடிச் செய்யலீங்க."

"பின்ன?"

"'பாத்துட்டுச் சொல்றேன்க்கா'ன்னு அனுப்பி வெச்சுட்டேன். ஒரு டீ கூட வாங்கிக் குடுக்கல."

ஆக, இந்தப் பெண்ணைப் பற்றி எனக்குச் சந்தேகம் வந்தது. கதாபாத்திரத்தின்மேல் எழுத்தாளனுக்கு வருகிற சந்தேகம் சாதாரண விஷயம்தான். ஆனால் அந்தச் சந்தேகத்தைக் கதாபாத்திரமே போன் போட்டுக் கிளப்பியது எனக்குப் புதிது. மிச்சத்தையும் அவளே சொன்னாள்.

காத்தாயி படியிறங்கியதும் தவறைச் சரிசெய்துவிட்டாள். ஐந்து நிமிட வேலை, ஒரே ஒரு வரி. அதோடு விட்டிருந்தால் யாருக்கும் தெரியாது. அடுத்த பருவத்தில் 'நேரடி' மெல்ல இறங்கும், காரணம் கேட்டால் மழை குறைச்சல் என்று சொல்லிக்கொள்ளலாம். திருச்சிக் கிளை கைக்கு வந்துவிடும். காத்தாயிக்கு மட்டும் ஏதோ கம்ப்யூட்டர் கோளாறு என்று சொல்லிச் சேர்த்துக்கொள்ளலாம். மிச்சம் பதினெட்டுப் பேர் படியேறி வரவில்லை.*

வெள்ளி, சனி, ஞாயிறு. மூன்று நாள் அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை ஆபீஸில் இனிப்பு வாங்கி வைத்தார்கள். அவளும் ஒன்று எடுத்துச் சாப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை, பழைய பதிவுகளைத் தோண்டி ஐந்து மாதத்து விற்பனை ஒவ்வொன்றும் எந்த வாலோடு வந்தது, வால் எங்கே அறுந்தது என்று எடுத்துப் பார்த்தாள். மனசாட்சி உறுத்தியதா என்று கேட்டேன்.

"அது இருக்கட்டும் சார். நாலு வருசமா இந்த ஆபீஸ்ல நான் சொன்ன நம்பர் தப்பானதே இல்ல. இப்ப ஒன்னு தப்பா நிக்குது, அதுக்குக் கீழ எம்பேரு இருக்கு. என்னால அதப் பாத்துக்கிட்டு இருக்க முடியல."

நான் எழுதிய கைபிடிப்பைவிட இது எனக்குப் பிடித்திருந்தது. அந்த வாக்கியங்களை அடித்தேன். மேலே தெரியட்டும் என்று விட்டிருக்கிறேன்.

(இரண்டாவது கடிதத்தை இந்தப் பகுதியில் சொல்வதாகச் சொல்லியிருந்தேன். இடம் போதவில்லை. அடுத்ததில் வருகிறது.)

* நானும் படியேறவில்லை. துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

6

திங்கட்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு அந்தக் கடிதம் பத்தொன்பது பேருக்கும் போனது.

"ஆகஸ்ட் முதல் எங்கள் வலைத்தளத்தில் தமிழைத் தேர்ந்தெடுத்து வாங்கியவர்கள் யார் சொல்லி வந்தார்கள் என்பது பதிவாகவில்லை. அந்தப் பக்கத்தை அமைத்தது நான். தவறு என்னுடையது. விற்பனை இல்லை என்று உங்களுக்கு நான் எழுதியது உண்மையல்ல. சரியான எண்ணிக்கையைக் கீழே கொடுத்திருக்கிறேன். யாரிடமாவது காட்டவேண்டியிருந்தால் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். நந்தினி."

கீழே ஆளுக்கு ஓர் எண். காத்தாயிக்கு முப்பத்தொன்று. படம் எடுக்க விட்டுப்போனவை எட்டு இருந்திருக்கின்றன.

என் எண்ணை ஆவலோடு பார்த்தேன். என் வலைப்பூ முழுக்கத் தமிழ். என் வாசகர்கள் தமிழைத்தானே அழுத்தியிருப்பார்கள்? பூஜ்யம். "உங்கள் விஷயத்தில் மட்டும் முதல் கடிதம் சரியாகவே இருந்தது. வருந்துகிறேன்" என்று ஒரு வரி சேர்த்திருந்தாள். இப்படி எழுதுகிற ஒருத்தியை நேரில் பார்க்கவேண்டும் என்றுதான் பஸ் ஏறினேன்.

கடிதம் போன பிறகு, பத்து மணிக்குக் கூட்டம் கூடுவதற்கு முன்னால், அவள் குருமூர்த்தியின் அறைக்குப் போனாள். நடந்ததைச் சொன்னாள்.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"பத்தொம்பது பேருக்குத் தெரியும் சார். லெட்டர் போயிருச்சு."

"என்னயக் கேக்காமயா?"

"கேட்டிருந்தா, 'பொறு, யோசிக்கலாம்'னு சொல்லியிருப்பீங்க. நானும் சரின்னுருப்பேன். அதான் அனுப்பிட்டு வந்தேன்."

7

இதற்குப் பிறகு குருமூர்த்தி என்ன செய்தார்? இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன்.

முதல் விதம்: குருமூர்த்தி மேசையில் ஓங்கி அடிக்கிறார். "வெளிய போ!" நந்தினி பையை எடுத்துக்கொண்டு படியிறங்குகிறாள். கீழே விதைக்கடையில் எடைபோட்டுக்கொண்டிருந்தவர்—

(கீழே யாரோ அவளை நிமிர்ந்து பார்ப்பார்கள், அவளும் ஒரு பார்வை பார்ப்பாள். போதும்.)

இரண்டாம் விதம்: குருமூர்த்தி எழுந்து கைகூப்புகிறார். "உன்னமாதிரி ஒருத்தி—"

(குருமூர்த்தியை நேரில் பார்த்தவன் நான். அவர் யாருக்கும் அவ்வளவு சுலபமாக எழுந்து நிற்கமாட்டார்.)

நடந்தது இது. அவர் சட்டைப் பையிலிருந்து அந்தப் பழைய அறிக்கையை எடுத்து மேசைமேல் விரித்தார். அதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"அப்ப நம்ம பேருக்குன்னு தேடி யாருமே வரலியாம்மா?"

நந்தினி இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. வேலை போகும் என்று நினைத்து வந்திருந்தாள், திட்டுக்கும் தயாராக இருந்தாள். இதற்குத் தயாராக இல்லை. திருச்சி வியாபாரிகள் சங்கத்தில் 'என் மெஷின் பேருக்கே விக்குது' என்று அவர் போன வாரம்தான் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

"வந்தாங்க சார். நூத்துக்குப் பதினெட்டு பேரு. அது நெசம். எத்தன தடவ வேணா எண்ணிப் பாத்துக்கலாம்."

"பதினெட்டு."

"போன வருசம் பதினொன்னு சார்."

அவர் அறிக்கையை மடித்தார். இம்முறை மேசை இழுப்பறையில் வைத்தார். "திருச்சி இப்போதைக்கு ஒனக்கு வேணாம். பத்தொம்பது பேருக்கும் சேரவேண்டியதப் போட்டு அனுப்பு. கூட்டத்துல நானே சொல்லிக்கிறேன்."

"சரிங்க சார்."

கதவருகே போனவளைக் கூப்பிட்டார். "அந்தச் செட்டிகுளத்து அம்மாவ விட்டுறாத."

நந்தினி அன்று வழக்கம்போல ஆறு மணிவரை வேலை பார்த்தாள். திருச்சி கைநழுவியதில் வருத்தம்தான் என்று என்னிடம் ஒளிக்காமல் சொன்னாள். "மாசம் எட்டாயிரம் கூட வந்திருக்கும். வருத்தம் இல்லாம எப்புடி இருக்கும்? ஆனா தூக்கம் நல்லா வருது."

8

நேற்று, சனிக்கிழமை, நந்தினியும் நானும் ஆலத்தூர் கேட்டில் பஸ் மாறிச் செட்டிகுளம் போனோம். காத்தாயி வரச்சொல்லியிருந்தார். அவருடைய இணைப்பை நந்தினி அந்தத் திங்கட்கிழமையே திறந்துவிட்டிருந்தாள். மூன்று வாரமாகக் காத்தாயி அதை யாருக்கும் அனுப்பவில்லை. வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்லவும் இல்லை.

வெங்காயக் காட்டின் வரப்பில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். காத்தாயி மெஷினை மாட்டிக்கொண்டு வெறும் தண்ணீரை அடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"வாங்க. மொதல்ல ஒன்னு சொல்லிடுறேன், அப்பறம் ஒளிச்சேன்னு இருக்கக் கூடாது. நீங்க எம்பேர அடிச்ச மறுவாரமே இன்னொரு கம்பெனிக்காரன் வந்துட்டான். அவனும் ஒரு லிங்க் குடுத்துருக்கான். மெஷினும் கிட்டத்தட்ட இதேதான். ஐநூறு ரூவா கம்மி."

"அதப் போட்டுப் பாத்தீங்களாக்கா?" என்றாள் நந்தினி.

"ஒரு நாளு பாத்தேன். நல்லாத்தான் இருக்கு. ஒரு நாள வெச்சு என்னத்தச் சொல்றது?"

"அந்த லெட்டர வெள்ளைச்சாமி அண்ணன்கிட்ட காட்டுனீங்களா?"

காத்தாயி முதல்முறையாகச் சிரித்தார். "காட்டலம்மா. அவனயே படிக்கச் சொன்னேன். அதே பன்னெண்டு பேரு நடுவுல."

கூட்டத்திலிருந்து ஒருவர் முன்னால் வந்தார். பக்கத்து ஊர்க்காரர், அய்யம்பெருமாள் என்று பெயர் சொன்னார். மெஷினை வாங்கி மாட்டிப் பார்த்தார், கைப்பிடியை ஆட்டிப் பார்த்தார், தோளை அசைத்து எடை பார்த்தார். திருப்தி. போனை நீட்டினார்.

"எதுல வாங்கணுமோ அந்த லிங்க்க அனுப்பி வுடு தங்கச்சி. வூட்டுக்குப் போயி மவகிட்டக் குடுத்துப் போடச் சொல்றேன்."

காத்தாயி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு தன் போனை எடுத்தார். ஒருமுறை நந்தினியைப் பார்த்தார். நந்தினி பார்வையை விலக்கவில்லை. பிறகு காத்தாயி திரையில் எதையோ தேடி, எதையோ அழுத்தினார். அய்யம்பெருமாளின் போன் சத்தம் போட்டது. அவர் பார்க்காமலே சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

திரும்பும்போது பஸ்ஸில் நந்தினியின் போன் அவள் மடியில்தான் இருந்தது. அய்யம்பெருமாளின் மகள் இதற்குள் வாங்கியிருப்பாள். திறந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

"பாத்துடுங்களேன்," என்றேன். "கதைக்கு முடிவு வேணும்."

"எல்லாரு நம்பரும் திங்கக்கெழமதான் சார் பாப்பேன். அக்காவுக்குன்னு தனியா ஒரு கெழம கெடையாது."

"நீங்க என்ன நெனைக்கிறீங்க?"

"நெனைக்கிறதுக்கா எனக்குச் சம்பளம் குடுக்குறாங்க?" என்று சொல்லிவிட்டு டிக்கெட் எடுத்தாள், எனக்கும் சேர்த்து.

இன்று ஞாயிறு. நாளைக் காலை பத்து மணிவரை எனக்கும் தெரியாது, நந்தினிக்கும் தெரியாது. காத்தாயியைப் பற்றி எனக்குத் தெரிந்த அத்தனையும் இப்போது உங்களுக்கும் தெரியும். வெங்காயக் காட்டு வரப்பில் என் பக்கத்தில்தான் நின்றீர்கள். கடைசி வாக்கியத்தை நான் பாதியோடு நிறுத்துகிறேன். அடிக்கவில்லை, உங்களுக்காக விட்டிருக்கிறேன்.

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, நந்தினியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, காத்தாயி அனுப்பியது